பஞ்சுபோல் விழும் பனி

எமது அயலில் வசிக்கும் அம்மையார் ஒருவரின் மகன் சுவிற்சர்லாந்திலே தொழில் பார்க்கின்றார். ஒரு காலத்தில் எம்மிடம் பௌதிகவியல் கற்றவர். சென்ற தை மாதத்தில் ஒருநாள் அவ்வம்மையார் தமது கைத்தொலைபேசியுடன் வந்து, மகன் அனுப்பிய படமொன்றை எமக்குக் காட்டினார். முழங்காலளவு வெண்பனியிலே நான்கு இளைஞர்கள், கால்களில் நீண்ட சறுக்குக் கட்டைகளுடன் நின்றனர். பின்னால் ஒரு மலை. அதன் இருமருங்கும் ஊசியிலை மரங்கள் அடர்ந்திருக்க, நடுவே மட்டும் அகன்ற பட்டைபோல ஒரு சரிவு, மரமேதுமின்றி வழவழவென்று மாலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"வாற சனிக்கிழமை அந்த மலைக்கு ஏறப் போகினமாம், மாஸ்டர். பனி பஞ்சு மாதிரித்தானாம் கிடக்கும். விழுந்தாலும் நோகாதாம்" என்று சொல்லி அம்மையார் சிரித்தார்.

நாமும் சிரித்தோம். ஆயினும் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுக்க எமக்கு உடனே மனம் வரவில்லை. மரங்களுக்கு நடுவே மரமில்லாத அந்தப் பட்டை எம் கண்ணை உறுத்திற்று. காடு அடர்ந்து வளரும் ஒரு மலையிலே, மேலிருந்து கீழ்வரை ஒரு கீற்று மட்டும் மொட்டையாக இருக்குமாயின், அங்கே மரங்களை வளரவிடாமல் ஏதோ ஒன்று காலத்துக்குக் காலம் வந்து துடைத்துச் செல்கின்றது என்பதே அதன் பொருள். மரத்தை முறிக்கும் அப்பொருள் மனிதரை என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை.

சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் இன்று நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். அங்கே பிறந்த பேரப் பிள்ளைகளோ நடக்கப் பழகிய மறு ஆண்டே பனியிற் சறுக்கப் பழகுகின்றனர். ஆகவே பனிச்சரிவு என்பது இப்பொழுது நமக்குப் பூமிசாத்திரப் புத்தகத்தில் மட்டும் உள்ள பொருளன்று. வீட்டிலே அதைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரிந்திருத்தல் நன்று என்று கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழி விடியலிலே புல்நுனியில் தங்கும் துளியையும் நாம் பனி என்கிறோம். மலைநாட்டிற் காலையில் கண்ணை மறைக்கும் மூடுபனியும் பனிதான். வானிலிருந்து வெள்ளைப் பூவாக உதிர்வதும் பனிதான். நமக்கு அது ஒரே சொல். பனி கொல்லும் என்று கேட்டதும் நாம் சிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இங்கே நாம் பேசப்போவது வானிலிருந்து விழுந்து மலைமேற் குவியும் வெண்பனியைப் பற்றியே.

இப்பனி புதிதாக விழுந்தபோது பஞ்சுதான், அதில் ஐயமில்லை. ஒரு கன மீற்றர் புதுப்பனி நூறு கிலோகிராமுக்கும் குறைந்த நிறையே கொண்டிருக்கலாம். எஞ்சியதெல்லாம் காற்று. ஆனால் அதே பனி மலைச்சரிவில் உருண்டு புரண்டு, பளிங்குகள் உடைந்து நொருங்கி, கீழே வந்து நின்றதும் அதன் ஒரு கன மீற்றர் 300 முதல் 500 கிலோகிராம் வரை நிறுக்கும். நின்ற கணத்திலேயே துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. அதனுள் அகப்பட்டவரால் ஒரு விரலைக்கூட அசைக்க முடிவதில்லை என்று பிழைத்து வந்தோர் கூறுகின்றனர். சீமெந்துக் கலவைக்குள் நின்று அது காய்ந்துவிட்டாற்போன்ற நிலை. உலர்ந்த பனிச்சரிவு மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தைச் சில நொடிகளில் எட்டிவிடும். பெரியவை, பனித்தூளை மேகம்போற் கிளப்பிக்கொண்டு மணிக்கு 300 கிலோமீற்றர் அளவிற் பாய்வதும் உண்டு.

ஆல்ப்ஸ் மலைவாசிகள் இதனைப் பல நூற்றாண்டுகளாக அறிவர். சுவிற்சர்லாந்தின் அண்டர்மட் என்னும் ஊரிலே, ஊருக்கு மேலேயுள்ள காட்டில் எவரும் மரம் வெட்டலாகாது என்று 1397-ம் ஆண்டிலேயே தடை எழுதிவைத்தார்கள். அக்காடுதான் பனியைப் பிடித்து நிறுத்தும் அவர்களது மதில். முதலாம் உலகப் போரிலே, இத்தாலியின் மார்மொலாடா மலையிற் படைகள் எதிரெதிரே நின்ற காலத்தில், 1916-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் திகதி ஒரே பனிச்சரிவில் ஒஸ்திரிய-ஹங்கேரியப் படைவீரர் ஏறக்குறைய 270 பேர் தம் முகாமுடன் புதையுண்டனர். அந்த இடம் ஆபத்தானது என்று முகாமிலிருந்த அதிகாரி முன்னரே எழுதி அனுப்பியிருந்தார், மேலிடம் செவிசாய்க்கவில்லை. 1951-ம் ஆண்டின் குளிர்காலத்திலே சுவிற்சர்லாந்தில் மட்டும் 98 உயிர்கள் பனிச்சரிவுகளுக்கு இரையாயின. 1999-ம் ஆண்டு பெப்ரவரி 23-ந் திகதி ஒஸ்திரியாவின் கால்ற்றூர் என்னும் கிராமத்துள் பனி புகுந்து 31 பேரைக் கொன்றது. பாதுகாப்பானது என்று வரைபடத்திற் குறிக்கப்பட்டிருந்த வீடுகளையும் அது விட்டுவைக்கவில்லை.

இவையெல்லாம் மனிதர் இருந்த இடத்தைத் தேடிப் பனி வந்த கதைகள். ஊர்களுக்கு மேலே இரும்பு வேலிகளும் கற்சுவர்களும் எழுப்பப்பட்டபின் இவ்வகை விபத்துகள் பெரிதும் அருகிவிட்டன. ஆனாலும் சுவிற்சர்லாந்தில் இன்றும் சராசரியாக ஆண்டுக்கு இருபது பேரளவில் பனிச்சரிவிற் சாகின்றனர். இவர்கள் யார்? பெரும்பாலும் விடுமுறை நாளிற் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகி, தாமாக மலையேறியவர்கள். அல்லது புதுப்பனியிற் சறுக்கச் சென்றவர்கள். இவர்கள் மீது பனியை ஏவியது யார்? இக்கேள்விக்கான விடைதான் நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. இவ்வாறு இறந்தோருள் நூற்றுக்கு 90 பேர் வரையில், தாமே அல்லது தம்முடன் வந்த ஒருவரே அப்பனியை அறுத்து விட்டிருக்கின்றனர். அவர்கள் மிதித்தபடியால்தான் அது விழுந்தது.

சினிமாப் படங்களிலே ஒருவன் உரத்துக் கூவ, மலை இடிந்து பனி விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். அது கற்பனை. மனிதக் குரலின் அதிர்வுக்கு அத்துணை வலிமை இல்லை. மனித உடலின் நிறைக்கோ உண்டு. அறுபது கிலோ எடையுள்ள ஓர் இளைஞன் ஆயிரக்கணக்கான தொன் பனியை எவ்வாறு அசைக்க முடியும்? மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையைச் சொல்கிறோம். ஒரு பலகையைச் சற்றே சாய்வாக வைத்து அதன்மேல் கடுகைப் பரவுங்கள். கடுகின்மேல் ஒரு தடித்த புத்தகத்தை மெதுவாக வையுங்கள். பலகையின் சொரசொரப்பால் அது சிறிது நேரம் நிற்கக்கூடும். பின் ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். புத்தகத்தைத் தள்ளியது உங்கள் விரலன்று. அது புறப்படுவதற்கு எப்பொழுதோ ஆயத்தமாக இருந்தது.

மலையிலுள்ள பனியும் இத்தகையதே. அது ஒரே நாளில் விழுந்ததன்று. ஐப்பசி, கார்த்திகை முதல் ஒவ்வொரு புயலும் ஒவ்வொரு படையை விட்டுச் செல்கின்றது. வெட்டிப் பார்த்தால் வெதுப்பகத்து அடுக்குக் கேக்கைப்போலத் தோன்றும். இப்படைகளுள் சில கெட்டியானவை, சில நொய்தானவை. கெட்டியான படை மேலேயும் நொய்தான படை அதன் கீழேயும் அமைந்துவிட்டால் கடுகும் புத்தகமும் ஆயத்தம்.

நொய்தான படை எவ்வாறு உண்டாகின்றது என்பது பௌதிகவியல் மாணவர்க்குச் சுவையான பாடம். பனியின் அடியிலே நிலம் ஏறக்குறைய பூச்சிய பாகையில் இருக்கின்றது. மேலே காற்றோ பூச்சியத்திற்கு 15 பாகை கீழே. பனி மெல்லியதாக இருந்தால், இச்சிறு தடிப்புக்குள் இத்துணை வெப்பநிலை வேறுபாடு அடங்கவேண்டியிருக்கின்றது. அப்பொழுது கீழேயிருந்து நீராவி மேல்நோக்கிச் சென்று, வழியிலுள்ள பளிங்குகளின்மேற் படிந்து, அவற்றைப் பட்டை தீட்டிய பெரிய மணிகளாக மாற்றிவிடுகின்றது. கையில் அள்ளினால் அது சீனியைப்போல விரல்களுக்கிடையே வழிந்தோடும், உருட்டினால் உருண்டையாகாது. இதனால்தான் பனி அதிகமான ஆண்டைவிட, ஆரம்பத்திலே கொஞ்சமாகப் பெய்து நீண்ட காலம் குளிர்ந்து கிடந்த ஆண்டு அதிக ஆபத்தானதாகின்றது. "இம்முறை பனி குறைவுதானே" என்று எண்ணுவோர் ஏமாறும் இடம் இது.

இன்னொரு வகை நமக்கு நெருக்கமானது. மேகமற்ற இரவில் நம் ஊரிற் புல்லின்மேற் பனித்துளி படிவதுபோல, அங்கே பனியின் மேற்பரப்பிலே இறகு போன்ற உறைபனிப் பளிங்குகள் முளைக்கின்றன. காலை வெயிலில் மலை முழுவதும் வைரம் இறைத்தாற்போல மின்னுவது இவற்றால்தான். படமெடுப்போர் விரும்புவர். மறுவாரம் புதுப்பனி பெய்து அவ்விறகுகளை மூடிவிட, அவை நொறுங்காமல் நின்ற நிலையிலேயே புதைந்து, மேலே பல நாட்களுக்குப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். சீட்டுக்கட்டு வீட்டின்மேல் ஒருவர் மெத்தையை விரித்துவிட்டாற்போன்றது இது. அதன்மேல் ஒரு சறுக்குக்காரர் வருகின்றார். அவர் காலடியில் ஓரிடத்தில் இறகுகள் முறிகின்றன. முறிவு பக்கத்திலுள்ளவற்றுக்குத் தொற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுவதும் பரவுகின்றது. அவருக்கு மேலே பல மீற்றர் தொலைவிற் கத்தியால் வெட்டினாற்போன்ற ஒரு கோடு தோன்ற, பரந்த பலகை ஒன்று அவரையும் சுமந்துகொண்டு இறங்கத் தொடங்குகின்றது.

இப்பலகையை அமைப்பதிற் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. மலையின் ஒரு பக்கத்திலிருந்து பனியை வாரி மறுபக்கத்தில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, அது இறுக்கமாக அடுக்குகின்றது. வானத்திலிருந்து ஒரு துளியும் விழாத நாளிற்கூடக் காற்று ஒரு சரிவின் பாரத்தை இரட்டிக்கச் செய்துவிடும்.

இனிச் சாய்வு. கணிதப் பெட்டியிலுள்ள மூலைமட்டத்தை எடுத்து, அதன் 30 பாகைக் கோணத்தை மேசைமேல் வைத்துப் பாருங்கள். அவ்வளவு சாய்வு இருந்தால்தான் இத்தகைய பலகை வழுக்கும். அதற்குக் குறைந்த சாய்வில் இது நிகழ்வது மிக அரிது. 30 முதல் 45 பாகைவரை ஆபத்து மிகுதி. அதனிலும் செங்குத்தான இடத்திற் பனி குவியாமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சறுக்குவோர்க்கு மிகுந்த இன்பம் தரும் சாய்வும் இந்த 30-க்கும் 45-க்கும் இடைப்பட்டதே என்பதுதான் இதிலுள்ள வம்பு. நாம் நிற்கும் இடம் சமதரையாக இருந்தாலும் போதாது. மேலே செங்குத்தான சரிவு இருந்து, அடியில் நொய்தான படை தொடர்ச்சியாக இருக்குமானால், கீழே நடப்பவரே மேலுள்ளதை இழுத்து விழுத்திவிடலாம்.

மலை முன்னறிவிப்பின்றித் தாக்குவதாகச் சொல்லுவது அதன்மேல் நாம் சுமத்தும் பழி. பல வேளைகளில் அது சொல்லியே செய்கின்றது. அண்டைச் சரிவில் நேற்றோ இன்றோ பனி விழுந்த வடு தெரியும். நடக்கும்போது காலின்கீழ் "உம்" என்று ஒரு கனத்த ஓசை எழுந்து, நிற்கும் இடமே ஒரு விரற்கடை தாழ்ந்தாற்போலிருக்கும். அது கீழேயுள்ள படை முறிந்த ஓசை. சறுக்குக் கட்டையின் முனையிலிருந்து பனியிலே வெடிப்பு ஓடும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அத்தகைய சரிவுகளை அன்று விட்டுவிடுவதே முறை. திடீரென்று வெப்பம் ஏறினாலும், ஓரிரு நாளிற் பெரும்பனி பெய்திருந்தாலும் அவ்வாறே.

இவற்றை அறிவதற்கென்றே ஒரு நிலையம் உண்டு. டாவோஸ் நகருக்கு மேலேயுள்ள வைஸ்புளூயோக் என்னும் முகட்டிலே, 1936-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு பனிக் குடிலில் விஞ்ஞானிகள் சிலர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்த பனி ஆராய்ச்சி நிலையம், குளிர்காலத்தில் நாள்தோறும் சுவிற்சர்லாந்து முழுவதற்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகின்றது. எந்த உயரத்தில், எத்திசை நோக்கிய சரிவில், எவ்வகை ஆபத்து என்பதெல்லாம் அதிற் காணலாம். ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்துள்ளன. இங்கே ஒரு வேடிக்கை. ஐந்தாம் படியிலும் நான்காம் படியிலும் இறப்போர் சிலரே. அன்று எவரும் வெளியே செல்லார். சுவிற்சர்லாந்தில் இறப்போருள் ஏறக்குறைய பாதிப்பேர் மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாளிலேயே இறக்கின்றனர். ஐந்தில் மூன்று என்றதும் நம் மனம் அதை "நடுத்தரம்" என்று மொழிபெயர்த்துக்கொள்கின்றது. பரீட்சையில் ஐந்துக்கு மூன்று வாங்கிய பிள்ளையைப்போல! ஆனால் அப்படியின் பெயரே "கணிசமான ஆபத்து" என்பதாகும். தனியொருவரின் நிறையே பல சரிவுகளை அறுத்துவிடப் போதுமான நாள் அது.

அறியாமையால்தான் மக்கள் சாகின்றனர் என்று நாமும் முதலில் எண்ணினோம். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கு அப்படி எண்ணுவது இயல்பு. இயன் மக்கமன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1972 முதல் 2003 வரை அந்நாட்டில் நிகழ்ந்த 715 விபத்துகளை ஆராய்ந்து பார்த்தார். இறந்தவர்களுட் பலர் பனிச்சரிவு பற்றிப் பயின்றவர்கள். விபத்து நிகழ்ந்த இடங்களிற் பெரும்பாலானவற்றில் ஆபத்துக் குறிகள் கண்முன்னே இருந்தன. ஆயினும் ஏன் சென்றார்கள்? பலமுறை வந்து பழகிய மலை என்பதாற் சென்றார்கள். முன்னே ஒருவர் போன சுவடு தெரிந்ததாற் சென்றார்கள். உச்சியைத் தொட்டே தீருவதென்று வந்ததாற் சென்றார்கள். உடனிருப்போர் பார்த்துக்கொண்டிருந்ததாற் சென்றார்கள். பழகிய சரிவிலே, பயின்றவர்களும் பயிலாதவர்களைப்போலவே நடந்துகொண்டனர் என்பது அவர் கண்டவற்றுள் எம்மை அதிகம் வருத்தியது. முன்னே ஒன்பது பேர் கடந்த சரிவு பத்தாமவரின் காலடியில் அறுந்ததுண்டு. பனி கனமாக உள்ள இடத்தில் அவர்கள் கடந்திருப்பார்கள்; அவர் மெல்லிய இடத்தை மிதித்திருப்பார்.

புயல் ஓய்ந்து வானம் வெளித்த முதல் நாள் மிகவும் பொல்லாத நாள். மூன்று நாள் வீட்டிலடைபட்டிருந்த இளைஞர்களுக்கு நீல வானமும் எவர் காலும் படாத வெண்பனியும் அழைப்பு விடுக்கின்றன. பனிக்கோ தன் புதிய பாரத்துடன் இசைந்துகொள்ள இன்னும் ஓரிரு நாள் வேண்டியிருக்கின்றது. பொறுத்தவருக்குச் சரிவு அங்கேயே இருக்கும்.

பனிக்குள் அகப்பட்டவரின் கதை பெரும்பாலும் மூச்சின் கதை. நாலில் மூன்று பங்கினர் அளவில் மூச்சுத் திணறியே இறக்கின்றனர். மற்றையோர் மரத்திலும் பாறையிலும் மோதி இறக்கின்றனர். பனிக்குள் காற்று உண்டு. ஆனால் புதையுண்டவர் வெளிவிடும் மூச்சின் ஈரம் முகத்தின் முன்னேயுள்ள பனியிற் படிந்து உறைந்து ஒரு முகமூடிபோலாகிவிடுகின்றது; தாம் விட்ட காபனீரொட்சைட்டையே அவர் திரும்ப உள்ளிழுக்கின்றார். 1981 முதல் 2020 வரை சுவிற்சர்லாந்திற் புதையுண்டோரின் விபரங்களைத் தொகுத்து 2024-ம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதற் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டோருள் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் பிழைத்தனர். அரை மணி ஆனதும் அது நூற்றுக்கு 30 அளவுக்கு வீழ்ந்துவிடுகின்றது. அதற்குமேலும் பிழைத்தோர் பெரும்பாலும் முகத்தின் முன்னே சிறிது காற்றிடம் வாய்த்தவர்கள். பனி ஓடி நிற்கப்போகும் கடைசி நொடியில் கைகளை முகத்துக்கு முன்னே கொண்டுவாருங்கள் என்று பயிற்சியளிப்போர் கூறுவது இதற்காகவே.

காற்றிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு அணித்தான ஒரு சான்று உண்டு. 2016-ம் ஆண்டு பெப்ரவரி 3-ந் திகதி, சியாச்சின் பனிமலையில் 19,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, மதராஸ் படையணியைச் சேர்ந்த இந்தியப் போர்வீரர் 10 பேர் புதையுண்டனர். அவர்களுள் தமிழ்நாட்டவரும் இருந்தனர். ஆறாம் நாள் தோண்டியபோது ஒருவர் உயிருடன் கிடந்தார். பெப்ரவரி 11-ந் திகதி அவரும் தில்லி மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

சென் பேர்னாட் கணவாயின் துறவிமடத்து நாய்களை நம் பழைய பாடப் புத்தகங்கள் வாயிலாகப் பலரும் அறிவர். பரி என்னும் பெயருடைய நாய் ஒன்று, 1814-ல் இறப்பதற்கு முன் நாற்பது பேரளவில் மீட்டதாகச் சொல்வர். அதன் கழுத்திலே சாராயப் பீப்பாய் தொங்கியது ஓவியர் சேர்த்த அலங்காரம். இன்றும் நாய்கள் தேடுகின்றன. சுவிற்சர்லாந்தில் 1414 என்ற இலக்கத்தை அழைத்தால் மீட்பு உலங்குவானூர்தியும் வருகின்றது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அழைப்புப் போய், ஊர்தி கிளம்பி, மலையை அடைவதற்குள் அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆகவே புதையுண்டவருக்கு வைத்தியரும் தெய்வமும் பக்கத்தில் நின்ற நண்பரே.

அந்த நண்பர் வெறுங்கையராக இருந்தால் ஒன்றும் செய்யவியலாது. சீமெந்தாக இறுகிய பனியை நகத்தாற் கீறமுடியுமா? எனவே மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் மூன்று பொருள்களை வைத்திருப்பர். மார்போடு கட்டிய சிறு வானலைக் கருவி முதலாவது. 1968-ல் அமெரிக்காவின் பபலோ நகரில் யோன் லோற்றன் என்பவர் இதனை உருவாக்கினார். நடக்கும்போது எல்லோருடைய கருவியும் அலையை விட்டுக்கொண்டேயிருக்கும். ஒருவர் புதையுண்டதும் மற்றையோர் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்த அலையைப் பின்தொடர்வர். இரண்டாவது, மடித்து வைத்திருந்து நீட்டத்தக்க மெல்லிய நீண்ட கோல். பனிக்குள் குத்தி உடல் கிடக்கும் ஆழத்தை அறிவதற்கு. மூன்றாவது, பனியை வெட்டி அள்ளும் சிறு உலோக மண்வெட்டி. இவற்றுட் கடைசியானதைச் சுமையென்று வீட்டில் விட்டுச் செல்வோர் உளராம். நண்பர் எங்கே கிடக்கின்றார் என்று அறிந்தும் எடுக்கமுடியாமல் நிற்பதைவிடக் கொடுமை வேறென்ன?

அண்மைக் காலத்தில் ஊதிப் பெருக்கும் காற்றுப் பையொன்றும் வந்துள்ளது. முதுகுப் பையிலுள்ள கைப்பிடியை இழுத்ததும் அது விரிந்துவிடும். சுளகில் அரிசியைப் புடைக்கும்போது பெரிய கல் மேலே வருவதை நம் தாய்மார் அறிவர். ஓடும் பனியிலும் பெரிய பொருள் மேலே மிதக்கும். பை மனிதரைப் பெரிய பொருளாக்குகின்றது. 2014-ல் வெளியான ஆய்வொன்றின்படி, பலத்த பனியில் அகப்பட்டோருள் பை விரியாதவர் நூற்றுக்கு 22 பேர் இறக்க, விரிந்தவர் 11 பேரே இறந்தனர். நல்ல பொருள்தான். எனினும் அந்தப் பதினொருவரை நாம் மறந்துவிடலாகாது.

இவற்றையெல்லாம் அணிந்துகொண்டும், ஆபத்துள்ள சரிவை ஒவ்வொருவராகவே கடப்பர். ஒருவர் செல்லும்போது ஏனையோர் பாறை மறைவிலோ மேட்டிலோ நின்று கண்ணெடுக்காமற் பார்த்திருப்பர். ஒருவர் புதையுண்டால் மூவர் தோண்டலாம். நால்வரும் சேர்ந்து சென்றால் தோண்ட ஆளில்லை. மாசி, பங்குனியில் வெயில் ஏறும் முன்னே ஏறி, பனி இளகும் முன்னே இறங்கிவிடுவர். புதிதாகப் பழகுவோர்க்கு எமது யோசனை வேறு. சறுக்கு நிலையங்களின் குறிக்கப்பட்ட பாதைகளைக் காவலர் காலையிற் சோதித்து, வேண்டுமாயின் வெடிவைத்துப் பனியை முன்னரே விழுத்திவிட்டே திறக்கின்றனர். கயிற்றுக்கு இப்பால் இருக்கும்வரை மலையின் கணக்கை அவர்கள் பார்க்கின்றார்கள். கயிற்றைக் கடந்த மறுகணம் அந்தக் கணக்கு நம் பிள்ளைகளின் கையில்.

இவ்வளவையும் வாசித்து அறிந்தபின், வெள்ளிக்கிழமை மாலை நாம் அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். மரமில்லாத பட்டையைப் பற்றிச் சொன்னோம். பத்து நிமிடத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் மகனைத் தொலைபேசியில் அழைத்தார். மகன் தாயைத் தேற்றும் குரலில் ஏதேதோ சொன்னது எமக்கும் கேட்டது. அறிக்கை பார்த்தாராம், கருவி வாங்கி வைத்திருக்கிறாராம், மாஸ்டரிடம் பயப்படவேண்டாம் என்று சொல்லட்டாம்.

அம்மையார் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து எம்மைப் பார்த்தார். "இவன் வைச்சிருக்கிறான், சரி. இவன் புதைஞ்சால் இவனைத் தேடுறது மற்றப் பெடியள்தானே, மாஸ்டர். அவங்களும் வைச்சிருக்கினமோ?"

அதைக் கேளுங்கள், அக்கா, என்றோம். கேட்டார். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை. நால்வருள் ஒருவரிடம் கருவி இல்லை. சனிக்கிழமை அவர்கள் கயிற்றுக்கு இப்பாலேயே சறுக்கினார்கள்.